ஆய்வுக் கட்டுரையும் நிறுவனச் சார்பும்

நூலொன்றைக் கையிலெடுக்கும் கற்றோர் முதலில் நோக்குவது நூற்பெயரையும் ஆக்கியோன் பெயரையுமேயாம். அதன்பின், ஆக்கியோன் எவ்விடத்தவன், எவ்வழி வந்தவன், எவ்வவையில் அந்நூலை அரங்கேற்றினான் என வினவுதல் தமிழ் மரபு. நன்னூலார் பாயிரத்தின் இலக்கணம் கூறுமிடத்து, சிறப்புப் பாயிரம் உணர்த்தும் பொருள் எட்டென வகுத்து, அவற்றுள் ஆக்கியோன் பெயரை முதற்கண் வைத்தார். அவ்வெட்டுடன் காலம், களம், காரணம் என்னும் மூன்றனையும் சேர்த்துச் சொல்வாரும் உளர் என்றார். களமாவது நூல் அரங்கேறிய அவை. தொல்காப்பியத்துக்குப் பனம்பாரனார் செய்த பாயிரம் பாண்டியன் அவையத்தையும், அங்கிருந்து நூலைக் கேட்ட அதங்கோட்டாசானையும் மறவாது குறித்து வைத்திருக்கின்றது. நூலின் தகுதியை அறிய விழைவோன் அது பிறந்த சூழலையும் அறிதல் வேண்டும் என்பது நம் முன்னோர் கருத்தாதல் இதனாற் பெறப்படும்.

இக்காலத்து ஆராய்ச்சிச் சஞ்சிகைகளிலே கட்டுரையாசிரியர் பெயருக்குக் கீழே ஒரு சிறு வரி அச்சிடப்படுகின்றது. துறை, பீடம், பல்கலைக்கழகம், நகர், நாடு என அது அமையும். இதனை நிறுவனச் சார்பு என்பர். பாயிரம் பல அடிகளாற் சொன்னவற்றுள் ஒரு பகுதியை இன்றைய சஞ்சிகை இவ்வொற்றை வரியாற் சொல்லிவிடுகின்றது. படிப்போர் பலர் இதனைப் பொருட்படுத்துவதில்லை. எழுதுவோரிற் பலரும் கட்டுரையை முடித்து அனுப்பும் இறுதி நேரத்திலே, தபாலுறையில் முகவரி எழுதுவது போல எழுதிவிடுகின்றனர். ஆயினும், பல்கலைக்கழகங்களின் தரவரிசையும், ஆராய்ச்சிக்கென வழங்கப்படும் நிதியும், ஆசிரியரின் பதவியுயர்வும் ஓரளவுக்கு இவ்வரியைக் கணக்கிட்டே தீர்மானிக்கப்படுகின்றன. பயன் மிகுந்த இடத்திலே பொய்யும் புகும் என்பது உலகியல். ஆதலின் இவ்வரி எதனைச் சொல்ல வேண்டும், இன்று எவ்வாறு திரிக்கப்படுகின்றது, பல்கலைக்கழகத்தைச் சாராத நம்மனோர் அங்கு எதனை எழுதுதல் தகும் என்பனவற்றை ஈண்டு ஆராய்வாம்.

நிறுவனச் சார்பு என்பது ஆசிரியர் சூடிக்கொள்ளும் பதக்கமன்று. கட்டுரையைப் பற்றி அவர் அளிக்கும் சாட்சியம். அச்சாட்சியம் மூன்று வினாக்களுக்கு விடை தரல் வேண்டும். இவ்வாய்வு எங்கே நிகழ்ந்தது? அதற்கு வேண்டிய பொழுதையும் பொருளையும் கருவியையும் அளித்தவர் யாவர்? ஆய்விற் பிழையோ வஞ்சமோ காணப்படின் விசாரித்து விடை கூறும் பொறுப்பு யாருடையது? இம்மூன்றுக்கும் மெய்யான விடை தரும் வரியே நல்ல வரி. இவற்றுள் ஒன்றற்கும் விடை தராது ஆசிரியரின் பெருமையை மட்டும் உயர்த்தும் வரி, அச்சிற் பிழையின்றி அமைந்திருப்பினும் பிழையுடையதே.

முதல் வினாவுக்கு நல்லதோர் எடுத்துக்காட்டு சேர் சி. வி. இராமன் அவர்களின் வரலாற்றிற் கிடைக்கின்றது. 1907 இல் இந்திய அரசின் நிதித் துறை உத்தியோகத்தராய்க் கல்கத்தா சென்ற இராமன், அலுவலக நேரத்துக்கு முன்னும் பின்னுமாகக் கிடைத்த பொழுதில், மகேந்திரலால் சர்க்கார் 1876 இல் நிறுவிய இந்திய விஞ்ஞான வளர்ச்சிச் சங்கத்தின் ஆய்வுகூடத்திலே பரிசோதனைகள் செய்து வந்தார். 1917 இல் அவ்வுத்தியோகத்தைத் துறந்து கல்கத்தாப் பல்கலைக்கழகத்தின் பாலித் பேராசிரியரானார். பேராசிரியரான பின்னரும் சங்கத்தின் ஆய்வுகூடத்தை அவர் விட்டு நீங்கினாரல்லர். 1928 இல் ஒளிச்சிதறல் பற்றி அவரும் கே. எஸ். கிருஷ்ணனும் ‘நேச்சர்’ சஞ்சிகைக்கு எழுதிய சிறு குறிப்பின் அடியிலே காணப்படுவது பல்கலைக்கழகத்தின் பெயரன்று; 210, பௌபஜார் வீதி, கல்கத்தா என்னும் தெரு முகவரியே. அது சங்கத்தின் கட்டடம் நின்ற இடம். 1930 இல் நோபெற் பரிசை ஈட்டித் தந்த கண்டுபிடிப்பு உலகத்தாருக்கு ஒரு வீதியின் பெயரோடு அறிவிக்கப்பட்டது என்பது சிந்திக்கற்பாலது.

இதனால் நாம் அறிவது யாது? பதவி வேறு, பணி நிகழ்ந்த இடம் வேறு. இரண்டும் ஒன்றாயின் எழுதுவார்க்கு இடர் இல்லை. வேறாயின் பணி நிகழ்ந்த இடமே முற்பட வேண்டும். இன்றைய முறைப்படி எழுதுவாராயின் இராமன் சங்கத்தை முதலாவதாகவும், தமக்குப் பதவி தந்த பல்கலைக்கழகத்தை இரண்டாவதாகவும் குறித்திருத்தல் கூடும். பதவியின் பெருமைக்காகப் பணியின் இடத்தை மறைத்திருப்பாராயின், ஐம்பது ஆண்டுகளாக எளிய நன்கொடைகளால் அவ்வாய்வுகூடத்தைக் காத்து வந்தோரின் உழைப்பை வரலாறு மறந்திருக்கும்.

இனி, காலம் பற்றிய சிக்கலை நோக்குவாம். ஆய்வின் பெரும்பகுதி எந்நிறுவனத்தில் நடைபெற்றதோ அதனையே ஆசிரியர் தம் சார்பாக எழுத வேண்டும். பின்னர் இடம் மாறியிருப்பின் இப்போதைய முகவரியைத் தனியே குறிக்கலாம் என்பது ‘நேச்சர்’ முதலாய சஞ்சிகைகளின் விதி. விதி எளிது. இலங்கையிலே அதனைக் கைக்கொள்வது அத்துணை எளிதன்று. 1921 இற் கொழும்பிலே தொடங்கிய பல்கலைக்கழகக் கல்லூரி 1942 இல் இலங்கைப் பல்கலைக்கழகமாயிற்று. 1959 இல் வித்தியோதய, வித்தியாலங்கார என்னும் பிரிவேனாக்கள் இரண்டும் பல்கலைக்கழக நிலை எய்தின. 1972 இல் அனைத்தும் ஒரே பல்கலைக்கழகத்தின் வளாகங்களாக ஒடுங்கின. 1974 இல் யாழ்ப்பாண வளாகம் தோன்றியது. சேர் பொன்னம்பலம் இராமநாதன் 1921 இல் நிறுவிய பரமேசுவராக் கல்லூரியின் கட்டடங்கள் அதற்கு இடமாயின. 1978 ஆம் ஆண்டின் 16 ஆம் இலக்கப் பல்கலைக்கழகச் சட்டத்தின் பயனாக 1979 சனவரி முதல் வளாகங்கள் தனித்தனிப் பல்கலைக்கழகங்களாயின. வித்தியோதய சிறீ சயவர்த்தனபுரப் பல்கலைக்கழகம் எனவும், வித்தியாலங்கார களனிப் பல்கலைக்கழகம் எனவும் பெயர் மாறின. 2021 இல் வவுனியா வளாகமும் யாழ்ப்பாணத்தினின்று பிரிந்து பல்கலைக்கழகமாயிற்று.

ஒரே அறையில், ஒரே மேசையில் இருந்து எழுதிய ஓர் ஆசிரியரின் நிறுவனச் சார்பு இவ்வாறு மூன்று முறை மாறியிருத்தல் கூடும். 1976 இல் வெளிவந்த கட்டுரைக்குரிய பெயர் இலங்கைப் பல்கலைக்கழகம், யாழ்ப்பாண வளாகம் என்பதே. யாழ்ப்பாணப் பல்கலைக்கழகம் என்பது அன்று. பழைய கட்டுரைகளைத் தொகுத்து மறுபதிப்பிடுவோர் சிலர், எழுத்துப் பிழைகளைத் திருத்துவது போல நிறுவனப் பெயரையும் இக்காலத்ததாகத் திருத்திவிடுகின்றனர். அது திருத்தமன்று; சான்றை அழித்தல். தமிழில் எழுதுவோர்க்கு மேலும் ஓர் இடருண்டு. ஆங்கிலத்திலே 1972 க்கு முன்னர் சிலோன் என்றும் பின்னர் சிறீ லங்கா என்றும் நாட்டின் பெயர் வேறுபட்டு நிற்றலின், அப்பல்கலைக்கழகத்தின் இரு நிலைகளும் பெயராலேயே பிரித்தறியப்படும். தமிழில் இரண்டும் இலங்கைப் பல்கலைக்கழகமே. ஆதலின் தமிழ்க் கட்டுரையில் ஆண்டையும் வளாகத்தையும் சேர்த்தெழுதினாலன்றிப் பொருள் தெளிவுறாது.

காலம் போலவே ஊர்ப்பெயரும் மயக்கத்துக்கு இடனாகும். யாழ்ப்பாணப் பல்கலைக்கழகம் அமைந்துள்ள ஊர் திருநெல்வேலி. தமிழ்நாட்டுத் திருநெல்வேலியிலும் 1990 இல் மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக்கழகம் தோன்றியது. ‘பல்கலைக்கழகம், திருநெல்வேலி’ என மட்டும் எழுதி நாட்டின் பெயரை விடுத்தால், கணக்கிடும் இயந்திரம் நம்மவரின் கட்டுரையைக் கடல் கடந்து கொண்டு சேர்த்துவிடும். ஒரு நிறுவனத்தின் பெயரைப் பலர் பலவாறு எழுதுதலும் இத்தகைய கேட்டையே விளைக்கும். இதனை நீக்கவே ஆய்வாளர் ஒவ்வொருவருக்கும் பதினாறு இலக்க எண் வழங்கும் ஓர்க்கிட் என்னும் ஏற்பாடு 2012 இலும், நிறுவனங்களுக்கு நிலையான அடையாளம் வழங்கும் ரோர் என்னும் ஏற்பாடு 2019 இலும் நடைமுறைக்கு வந்தன. இவை பெயர் மயக்கத்தைத் தீர்க்கும். பொய்யைத் தீர்க்க இவற்றால் இயலாது.

பொய் பெரிதும் நுழைவது ஒன்றற்கு மேற்பட்ட சார்புகளை எழுதும் இடத்தேயாம். இரு சார்பு எழுதுவது தன்னளவிற் குற்றமன்று. சங்கப் புலவர் பெயர்களை நோக்குக. மதுரை அறுவை வாணிகன் இளவேட்டனார் என ஊரும் தொழிலும் சேர்ந்து வரும். மதுரை ஈழத்துப் பூதன்தேவனார் என்னும் பெயரிலோ மதுரையும் ஈழமும் ஒருங்கே நிற்கின்றன. இவை தொகுத்தோர் இட்ட பெயர்களாயினும் ஆகுக. ஒருவர்க்கு இரு இடத்து உரிமை உண்டாயின் இரண்டையும் சொல்லலாம் என்னும் வழக்கு அக்காலத்தும் இருந்தமை புலனாகும். மருத்துவ பீடத்து விரிவுரையாளர் போதனா வைத்தியசாலையிலும் கடமையாற்றுவாராயின் இரண்டையும் எழுதுதலே முறை. ஒவ்வொரு சார்புக்கும் ஈடாக அங்குச் செய்த பணி உண்டா என்பதே வினா.

அவ்வினாவுக்கு விடை இல்லாத சார்புகள் விலைக்கு வாங்கப்பட்ட செய்தியை 2011 டிசெம்பரிலே ‘சயன்ஸ்’ சஞ்சிகை வெளியிட்டது. சவூதி அரேபியப் பல்கலைக்கழகங்கள் சில, பிற நாடுகளில் முழுநேரப் பணியிலிருந்த பெயர்பெற்ற ஆய்வாளரோடு உடன்படிக்கை செய்து, ஆண்டிற் சில வாரங்களே அங்குத் தங்கும் அவர்க்குப் பெருந்தொகை வழங்கி, அவர்தம் கட்டுரைகளிலே தம் பெயரையும் சேர்த்தெழுதச் செய்தன என்பது அச்செய்தி. இதன் காரணம் மறைவானதன்று. 2003 முதல் வெளிவரும் சாங்காய்த் தரவரிசை போன்றன, அதிக மேற்கோள் பெற்ற ஆய்வாளர் எத்தனை பேர் ஒரு பல்கலைக்கழகத்தைச் சார்ந்துள்ளனர் என்று எண்ணுகின்றன. எண்ணப்படும் பொருளுக்குச் சந்தை உண்டாதல் இயல்பு. ஸ்பெயின் நாட்டுக் கோர்டோபாப் பல்கலைக்கழகம் தன் முழுநேர ஆசிரியரான வேதியியலாளர் ஒருவரை, அயல்நாட்டு நிறுவனங்களோடு கொண்ட பணித்தொடர்பின் பொருட்டுப் பதின்மூன்று ஆண்டுகள் சம்பளமின்றி இடைநிறுத்திய செய்தி 2023 இல் உலகெங்கும் பேசப்பட்டது. அத்தண்டனை கடிதோ அன்றோ என்பது வேறு வழக்கு. மக்களின் வரிப்பணத்தால் ஓர் ஊரிலே நிகழ்ந்த உழைப்பு வேறோர் ஊரின் கணக்கில் ஏறுவது முறையன்று என்பதில் ஐயமில்லை.

இஃது அயலார் கதையென நாம் ஆறுதலடைதல் வேண்டா. வாரத்தில் இரண்டு மணி நேரம் வருகை விரிவுரை நிகழ்த்துவோர் பல்கலைக்கழகத்தின் பெயரைத் தம் சார்பாக எழுதுவதும், ஓய்வு பெற்றுப் பல ஆண்டு கழிந்த பின்னும் அக்குறிப்பு இன்றிப் பழைய பதவியை எழுதுவதும் நம்மிடையேயும் உண்டு. அளவிற் சிறிதாயினும் வகையில் ஒன்றே.

இதுகாறும் இல்லாததை எழுதுதல் பற்றிக் கூறினோம். உள்ளதை விடுத்தலும் சாட்சியத்துக்கு ஊறே. 1967 இல் ‘நியூ இங்கிலாந்து மருத்துவச் சஞ்சிகை’யிலே, கொழுப்பு, சீனி என்பனவற்றுக்கும் இருதய நோய்க்கும் உள்ள தொடர்பைப் பற்றி ஹார்வார்ட் பல்கலைக்கழகத்தார் மூவர் ஒரு மதிப்பீட்டுக் கட்டுரை எழுதினர். அவர்கள் எழுதிய நிறுவனச் சார்பு முற்றிலும் மெய். ஆயினும் அம்மதிப்பீட்டுக்காகச் சீனித் தொழிற்றுறையினரின் ஆராய்ச்சி மன்றம் 6,500 டொலர் வழங்கியமை அதில் இடம்பெறவில்லை. பழைய கடிதங்களை ஆராய்ந்தோர் 2016 இலேதான் அதனை வெளிக்கொணர்ந்தனர். இத்தகைய தொடர்புகளை அறிவிக்க வேண்டும் என்னும் விதியை அச்சஞ்சிகை 1984 இலேயே வகுத்தது என்பதையும் நடுநிலை கருதிச் சொல்லல் வேண்டும். எனினும் படித்தோர் கண்டது ஹார்வார்டின் பெயரை. காணாதது சீனியின் பணத்தை. மெய்யான ஒரு வரி முழுமையற்றதாயின் பொய் செய்யும் தீங்கினைச் செய்தல் கூடும்.

வேறொரு வகை மறைப்பும் உண்டு. புள்ளிவிவரவியல் கற்கும் நம் மாணவர் ‘ஸ்ரூடன்ற்’ என்பாரின் சோதனையைப் படிக்கின்றனர். அப்பெயர் கொண்டார் எவரும் இலர். டப்ளினிலுள்ள கின்னஸ் பியர் வடிசாலையிலே பணியாற்றிய வில்லியம் கோசெற் என்பவர், 1906 ஆம் 1907 ஆம் ஆண்டுகளில் இலண்டனிற் கார்ல் பியர்சனின் ஆய்வுகூடத்திற் பயின்று, 1908 இல் ‘பயோமெற்றிக்கா’விலே எழுதிய கட்டுரைக்குச் சூடிய புனைபெயர் அது. ஊழியர் தம் பெயரோடு ஆய்வுகளை வெளியிடுதலை வடிசாலையார் விரும்பவில்லை. வாற்கோதுமையைக் கொண்டு செய்யும் பரிசோதனைகள் சிலவே இயலும். அச்சிலவற்றைக் கொண்டு எவ்வளவு துணியலாம் என்னும் தொழிற்சாலைத் தேவையே அவ்வாய்வுக்கு வித்து. களம் மறைக்கப்பட்டமையால் அவ்வித்தும் வாசகர்க்கு மறைந்தது. நன்னூலார் களத்தோடு காரணத்தையும் சேர்த்தெண்ணும் கொள்கையைக் குறித்தமை எத்துணைப் பொருத்தம்!

நிற்க. இதுவரை கூறியன நிறுவனம் உடையார்க்கு உரியன. நிறுவனம் இல்லாதார் எதனை எழுதுவர்?

சென்னைத் துறைமுக அலுவலகத்தின் கணக்குப் பிரிவிலே ஆண்டுக்கு இருபது பவுண் சம்பளம் பெறும் எழுதுவினைஞன் யான் என்று, 1913 சனவரி 16 ஆம் நாளிட்ட மடலிலே சீனிவாச இராமானுசன் கேம்பிரிட்ஜ் பேராசான் ஹார்டிக்குத் தம்மை அறிமுகம் செய்துகொண்டார். பல்கலைக்கழகக் கல்வி தமக்கில்லை என்பதையும் மறைத்தாரல்லர். ஹார்டியும் லிற்றில்வூட்டும் மடலின் தலைப்பை விடுத்துக் கணிதத்தைப் படித்தனர். 1905 இல் சார்புக் கொள்கைக் கட்டுரையை வெளியிட்ட ஐன்ஸ்ரைன் பேர்ண் நகரத்துக் காப்புரிமை அலுவலகத்து ஊழியர். அக்கட்டுரையின் அடியில் ஊரின் பெயரும் திங்களுமே உள. நிறுவனத்தின் பெயர் இல்லை.

நம் நாட்டு வரலாற்றாராய்ச்சியையே எடுத்துக்கொள்வோம். கந்தரோடையை அகழ்ந்து ஆராய்ந்து அரச ஆசியச் சங்கத்தின் இலங்கைக் கிளைச் சஞ்சிகையில் எழுதிய போல் ஈ. பீரிஸ் ஒரு நீதிபதி. 1926 இல் ‘பண்டைய யாழ்ப்பாணம்’ என்னும் பொருளில் ஆங்கில நூலை வெளியிட்ட இராசநாயக முதலியார் அரச உத்தியோகத்தர். நல்லூர் சுவாமி ஞானப்பிரகாசர் ஒரு துறவி. துறவுக்கு முன் புகையிரதப் பகுதி எழுதுவினைஞர். இம்மூவரும் பல்கலைக்கழகத்தை எழுதினாரல்லர். எழுதுவதற்கு அக்காலத்து இந்நாட்டிலே பல்கலைக்கழகமும் இல்லை. இவர்தம் முடிபுகள் சிலவற்றைப் பின்வந்தோர் மறுத்துள்ளனர். ஆனால் இவர்கள் இட்ட அடிப்படையின் மீது நின்றே மறுத்தனர்.

இவ்விடத்தே என் பிழையொன்றையும் கூறல் வேண்டும். சில ஆண்டுகளுக்கு முன்னர் ஒரு கருத்தரங்குக்குக் கட்டுரைச் சுருக்கம் அனுப்பினேன். படிவத்திலே நிறுவனம் என்றிருந்த கட்டத்தில் எனக்கு வெளிவாரிப் பட்டம் வழங்கிய பல்கலைக்கழகத்தின் பெயரை எழுதினேன். பட்டம் பெற்ற இடந்தானே என்று மனத்தைத் தேற்றிக்கொண்டேன். கருத்தரங்க நாளிலே தேநீர் வேளையில் முதியவர் ஒருவர் என் கட்டுரையைப் பாராட்டி, “நீங்கள் அங்கே எந்தத் துறையிலே படிப்பிக்கிறீர்கள்?” என்று அன்போடு கேட்டார். “நான் பள்ளிக்கூடத்து வாத்தியார், ஐயா” என்றேன். அவர் ஒன்றும் சொல்லவில்லை. கையிலிருந்த நிகழ்ச்சிநிரலை ஒருமுறை பார்த்துவிட்டு மடித்து வைத்தார். அவர் பாராட்டிய கட்டுரையின்மேல் என் கையாலேயே ஐயத்தை ஏற்றி வைத்தேன் என்பதை அன்றுணர்ந்தேன்.

பட்டம் வேறு, சார்பு வேறு. இலண்டன் பல்கலைக்கழகம் 1858 முதல், தன் கல்லூரிகளில் இருந்து கல்லாதார்க்கும் தேர்வெழுதிப் பட்டம் பெறும் வழியைத் திறந்தது. கொழும்புப் பல்கலைக்கழகக் கல்லூரியின் மாணவரும் 1942 வரை அத்தேர்வுகளையே எழுதினர். நம் ஆசிரியப் பெருந்தகைகள் தம் பெயருக்குப் பின்னர் பீ.ஏ. (இலண்டன்) என எழுதினர். அவருட் பலர் இலண்டனைக் கண்ணாலும் கண்டவரல்லர். ஆயினும் அவர் எழுதியதிற் பொய் இல்லை. அடைப்புக்குறிக்குள் இருந்த ஊர் பட்டம் தந்தவர் யாரென்று கூறியதேயன்றிப் பணி நிகழ்ந்த இடத்தைக் கூறவில்லை. பணி நிகழ்ந்த இடமாகக் கல்லூரியின் பெயர் அடுத்த வரியில் நின்றது. அவர்கள் பிரித்து வைத்ததை யான் ஒன்றாக்கினேன்.

அதன்பின் மற்றொரு சஞ்சிகைக்குக் கட்டுரை அனுப்பியபோது, ஆசிரியர் என்றும் ஊர்ப்பெயரும் மட்டும் எழுதினேன். நிறுவனமின்றிக் கட்டுரையைப் பரிசீலிக்க இயலாது, தெரிந்த பல்கலைக்கழகம் ஒன்றின் பெயரை இட்டு அனுப்புக என்று மறுமொழி வந்தது. கட்டுரை என் மேசை இழுப்பறையிலே இன்றும் இருக்கின்றது. இதனை என் குறைக்காகச் சொல்கின்றேனல்லேன். வெற்றிடத்தை ஏற்காத படிவம் பொய்யை ஏற்கின்றது. மெய் சொல்வோனை வெளியே நிறுத்துகின்றது. குற்றம் எழுதுவோனிடம் மட்டும் இல்லை என்பதற்கே இதனைக் கூறினேன்.

வாசிப்போரிடத்தும் குற்றமுண்டு. அமெரிக்காவிலே பீற்றேர்ஸ், சீசி என்னும் உளவியலாளர் இருவர் ஒரு சோதனை செய்து 1982 இல் வெளியிட்டனர். புகழ்பெற்ற துறைகளைச் சேர்ந்தோர் எழுதி ஏலவே அச்சான கட்டுரைகள் பன்னிரண்டை எடுத்து, ஆசிரியர் பெயரையும் நிறுவனப் பெயரையும் மாற்றி, எவரும் கேள்விப்படாத கற்பனை நிறுவனங்களை இட்டு, அவற்றை முன்னர் வெளியிட்ட சஞ்சிகைகளுக்கே அனுப்பினர். மூன்று கட்டுரைகள் மட்டுமே பழையன என்று கண்டுபிடிக்கப்பட்டன. எஞ்சிய ஒன்பதில் எட்டு, ஆய்வுமுறையிற் குறைபாடுடையன என்பன போன்ற காரணங்களால் நிராகரிக்கப்பட்டன. சோதனையின் முறை பற்றி அக்காலத்தே பலர் வாதிட்டனர். ஆயினும் பெயருக்குக் கீழுள்ள வரி கட்டுரையின் உள்ளே உள்ளதை மறைக்கவல்லது என்னும் ஐயத்தை அச்சோதனை உலகுக்கு எழுப்பியது.

இதனைக் கண்டு, நிறுவனச் சார்பை அறவே நீக்கிவிடலாமே எனின், அதுவும் பொருந்தாது. கட்டுரையை மதிப்பிடுவோர்க்கு ஆசிரியரின் பெயரையும் சார்பையும் மறைத்து அனுப்புதல் நல்ல முறை. பல சஞ்சிகைகள் அவ்வாறே செய்கின்றன. ஆனால் அச்சேறிய பின்னர் வாசகர் அதனை அறிதல் வேண்டும். சீனியின் பணத்தையும் வடிசாலையின் வாற்கோதுமையையும் அறியாத வாசகர் பாதி கண் மூடியவரே. மதிப்பிடும் வேளையில் மறைவாகவும், அச்சிடும் வேளையில் வெளிப்படையாகவும் இருத்தலே இவ்வரிக்குரிய முறையாம்.

கூறியவற்றைத் தொகுத்துரைப்பாம். ஆய்வு நிகழ்ந்த நிறுவனத்தை, நிகழ்ந்த காலத்தில் அதற்கிருந்த பெயராலே, நகரும் நாடும் சேர்த்து எழுதுக. பின்னர் இடம் மாறின் புதிய முகவரியைத் தனியே குறிக்க. இரண்டு சார்பு எழுதுவோர் இரண்டிடத்தும் செய்த பணியைக் காட்ட வல்லாராயிருத்தல் வேண்டும். பணம் தந்தாரை மறைத்தல் ஆகாது. பட்டம் தந்த பல்கலைக்கழகத்தைச் சார்பாகக் காட்டுதல் ஆகாது. பாடசாலை ஆசிரியர் ஒருவர் தம் பாடசாலையின் நூலகத்தையோ ஆய்வுகூடத்தையோ மாணவரையோ துணைக்கொண்டு ஆய்ந்தாராயின், அதிபரின் இசைவோடு அப்பாடசாலையின் பெயரைப் பெருமிதத்துடன் எழுதுக. இரவிலே தம் வீட்டு மேசையில் தாமே தேடிய நூல்களைக் கொண்டு ஆய்ந்தாராயின், தனிநிலை ஆய்வாளர் என்றும் தம் ஊரின் பெயரும் எழுதுக. சஞ்சிகை நடத்துவோர் அவ்வரியைப் பிற வரிகளுக்கு நிகராக ஏற்றல் வேண்டும். பௌபஜார் வீதி 210 ஆம் இலக்கம் ஏற்கப்பட்ட உலகிலே, நல்லூரின் ஓர் ஒழுங்கையும் ஏற்கப்படுதல் கூடாதோ?

இம்மலரைப் படிக்கும் மாணவருள் ஒரு சிலரேனும் நாளை ஆய்வாளராவர். தம் பெயரை முதன்முறை அச்சிற் காணும் மகிழ்ச்சி பெரிது. அப்பெயருக்குக் கீழுள்ள வரியையும் அன்று ஒருமுறை படித்துப் பாருங்கள். அதனைச் சுட்டிக்காட்டி, தேநீர் வேளையிலே ஒரு முதியவர் அன்போடு ஒரு கேள்வி கேட்பாராயின், தலைநிமிர்ந்து விடை கூற இயலுமா என்று எண்ணிப் பாருங்கள். இயலுமாயின் அவ்வரி நன்கு எழுதப்பட்டது.